நாலாம் நம்பர் வேனின் முன்சக்கரம்

பிப்ரவரி 19, செவ்வாய்க்கிழமை, காலை 10.20. ஆற்றுப்பாலத்துக்கு இறங்கும் சரிவில், பதிவெண் 4-இல் முடியும் வெள்ளைச் சலவை வேன் ஒன்று வேகம் குறையாமல் வந்து பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதி நின்றது. வண்டியில் டிரைவர் மட்டும் இருந்தார். சாலையில் டயர் தேய்ந்த தடம் எதுவும் இல்லை.

ஆறு நாள் கழித்து, திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, போலீஸ் நிலையத்தின் பின்கட்டில் அந்த வேனின் இடது முன்சக்கரம் இருந்த இடத்தில் கிளட்ச் குந்தியிருந்தார். அவர் பதினெட்டு வருஷம் வேன் ஓட்டி, முதுகு போன பிறகு ஸ்டியரிங்கை விட்டவர். இப்போதும் யார் வண்டியில் ஏறினாலும், பக்கத்து சீட்டில் உட்கார்ந்தபடி இடது காலால் இல்லாத கிளட்சை மிதித்துக்கொண்டே வருவார். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் அவரைவிட எட்டு வயது இளையவர். சர்வேயர் என்றால் வட்டாரத்தில் எல்லா ஒர்க்‌ஷாப்புக்கும் தெரியும். தெரிந்தவர்களில் பாதிப் பேருக்குப் பிடிக்காது. வாகன ஆய்வாளராக இருந்து வேலையை விட்டுவிட்டு, விபத்துகளைத் துருவிப் பார்ப்பதையே தொழிலாக்கிக்கொண்ட பெண்மணி. சிரிப்பதில்லை. கிளட்ச் அதை ஒரு சவாலாக எடுத்துக்கொண்டு மூன்று வருஷம் ஆகிறது.

இந்த முறை அவர்களை அமர்த்தியது ஒரு மெக்கானிக்கின் மனைவி. இந்த வேனுக்கு முன்பக்கம் இரண்டு புது பிரேக் டிஸ்க் மாட்டினேன் என்று மெக்கானிக் சாதிக்கிறார். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டு. பிரேக்கை மிதித்தால் இரண்டு பேடுகள் இரு பக்கமும் அதைக் கவ்விப் பிடிக்கும். வேனில் இப்போது இருப்பது தேய்ந்து, விளிம்பிலிருந்து நடுவரை விரிசல் விட்ட கிழட்டுத் தட்டு. மாட்டாததை மாட்டியதாகச் சொல்லி ஒரு மனிதனைச் சுவரில் மோதவைத்தார் என்பது வழக்கு. மாலை நான்கு மணிக்குக் கைது.

இதைச் சொல்லும்போது இன்ஸ்பெக்டர் தன் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அவருக்கு வெளியாள் உள்ளே வருவதே பிடிக்கவில்லை. அதிலும் மெக்கானிக் வீட்டுக் காசில் வருகிறவர்களைச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

சர்வேயர் டிஸ்க்கின் கனத்தை அளந்தார். அதன் மேலேயே குறைந்தபட்சம் 25 மில்லிமீட்டர் என்று வார்த்திருந்தது. அளவு 21 காட்டியது.

"டயட்ல இருந்திருக்கு" என்றார் கிளட்ச்.

யாரும் சிரிக்கவில்லை. சர்வேயர் டிஸ்க்கைக் கழற்றச் சொன்னார். பேடுகளைத் தாங்கும் காலிப்பரைப் போலீஸார் ஏற்கெனவே பிரித்துக் கம்பியில் தொங்கவிட்டிருந்ததால், தட்டை இழுத்தால் போதும். கிளட்ச் இழுத்தார். அசையவில்லை. காலை முட்டுக் கொடுத்து இழுத்தார். முதுகுதான் அசைந்தது. கடைசியில் சர்வேயரே சுத்தியலை வாங்கி, தட்டைச் சுற்றிச் சுற்றி அடித்தார். இன்ஸ்பெக்டர் வாய்விட்டு எண்ணினார். இருபத்துமூன்றாவது அடியில் டிஸ்க் தரையில் விழுந்தது.

பின்னால், சக்கரத்தைத் தாங்கும் ஹப்பின் முகம் முழுவதும் துரு, அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்தது. பல வருஷத் துரு. இந்தத் தட்டை அண்மையில் யாரும் தொட்டதே இல்லை என்று ஒரு குழந்தையும் சொல்லும்.

"உங்க ஆளை நீங்களே அடிச்சு உள்ள அனுப்பிட்டீங்க, மேடம்" என்றார் இன்ஸ்பெக்டர். "எனக்கு ஒரு வேலை மிச்சம்."

சர்வேயர் விபத்து நடந்த இடத்தில் எடுத்த படங்களைக் கேட்டார். ஒரு படத்தில் முன்சக்கரம் பெரிதாகத் தெரிந்தது. ஆறு நட்டு, ஒவ்வொரு நட்டின் தலையிலும் ஒரு மஞ்சள் புள்ளி. அந்த மஞ்சள் மெக்கானிக்கின் முத்திரை, ஊரில் எந்த வண்டி உரிமையாளரைக் கேட்டாலும் சொல்வார்கள் என்று இன்ஸ்பெக்டர் விளக்கினார். சக்கரத்தைக் கழற்றி மாட்டி மஞ்சளும் வைத்தவர், டிஸ்க்கை மட்டும் மாற்றவில்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சர்வேயர் அந்தப் படத்தின் பிரதி ஒன்றை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். காரில் ஏறியதும் கிளட்ச் இடது காலை நீட்டி மிதித்தார்.

"முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்திடலாமா மேடம்?"

"பொய் சொல்றவன் மாட்டிக்காத மாதிரி சொல்வான்" என்றார் சர்வேயர். "சக்கரத்தைக் கழட்டிப் பார்த்தா அஞ்சு நிமிஷத்துல மாட்டிக்கிற பொய்யை எவனாவது சொல்வானா?"

மெக்கானிக்கின் ஒர்க்‌ஷாப் இரண்டு வண்டி நிற்கும் அளவுக்கு ஒரு தகரக் கொட்டகை. கழற்றிய பழைய டிஸ்க்குகள் மழைப் படுதாவின் ஓரங்களில் பாரமாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் வண்டி எண் எழுதிய அட்டை கம்பியில் தொங்கியது. மனைவி அவர்களை உள்ளே அழைத்தார். மெக்கானிக் அழைக்கவில்லை. ஒரு காரின் அடியில் படுத்திருந்தார். இரண்டு செருப்பு மட்டும் தெரிந்தது.

சர்வேயர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். தேவையில்லை என்றது காரடி.

"எட்டு வருஷம் முன்னாடி தீயணைக்கிற வாளி இல்லேன்னு பதினோரு நாள் கடையைப் பூட்டினீங்க. இப்ப வாளி இருக்கு. பாத்துட்டுக் கிளம்புங்க."

கிளட்ச் சுவரைப் பார்த்தார். சிவப்பு வாளி ஆணியில் தொங்கியது. அதற்குள் ஸ்பேனர்கள்.

"மணல் இருக்கணும்" என்றார் சர்வேயர்.

செருப்புகள் ஒரு தடவை துள்ளி அடங்கின. மனைவி தலையில் கை வைத்துக்கொண்டார். நாலு மணிக்குக் கூட்டிக்கிட்டுப் போகப்போறாங்க, இந்த நேரத்திலும் இந்த மனுஷனுக்கு வீறாப்பு ஒரு கேடா என்று செருப்புகளைப் பார்த்துக் கேட்டார். காரடியிலிருந்து ஸ்பேனர் திருகும் சத்தம் மட்டும் வந்தது.

சர்வேயர் காரின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்த டிஸ்க்கைக் கழட்ட இருபத்திமூணு அடி அடிச்சேன்."

ஸ்பேனர் நின்றது.

"நான் போட்ட டிஸ்க்குக்கு அடியே வேணாம்" என்றது குரல், இந்த முறை கொஞ்சம் தாழ்ந்து. "ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால தேச்சு, செம்புப் பசை தடவித்தான் மாட்டுவேன். அடுத்து மாத்துறவன் என்னைத் திட்டக் கூடாது பாருங்க. இழுத்தா கையோட வந்துடும்."

சர்வேயர் படத்தைக் காரின் அடியில் நீட்டினார். இரண்டு விநாடி. பிறகு மெக்கானிக் தான் படுத்திருந்த சக்கரப் பலகையோடு சர்ரென்று வெளியே வந்தார். கறுத்த, ஒல்லியான மனிதர். முகத்தில் கிரீஸ், கண்ணில் கோபம்.

"யாரு வெச்ச பொட்டு இது?"

நீங்க வெச்சதுதானே என்றார் கிளட்ச். மெக்கானிக் அவரை ஒரு புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, எழுந்து காரின் சக்கரத்தைக் காட்டினார். நட்டின் தலையில் தொடங்கிய மஞ்சள் கோடு, நட்டைத் தாண்டி இறங்கி, சக்கரத்தின் இரும்பில் ஒரு விரல் நீளம் ஓடியது.

"கோடு போட்டா, நட்டு தளர்ந்து சுத்தும்போது கோடு உடையும். தூரத்திலிருந்தே தெரியும். அதுக்குத்தான் மஞ்சள். நட்டுத் தலையில மட்டும் பொட்டு வெச்சா, அது எப்படிச் சுத்தினாலும் பொட்டுதான். என்ன பிரயோஜனம்? என்னை என்ன, நட்டுக்குப் பொட்டு வெச்சு அழகு பாக்கிறவன்னு நெனச்சீங்களா?"

இருபது வருஷமாக மெக்கானிக்கின் மஞ்சளைப் பார்த்தவர்கள் எல்லாம் மஞ்சளை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள், அது எதற்கு என்று ஒருவரும் கேட்டதில்லை என்பது கிளட்சுக்கு உறைத்தது. அவரும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு மெக்கானிக் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார், ஒவ்வொன்றையும் கடித்துத் துப்புவதுபோல. சலவைக் கம்பெனியின் யார்டு மேனேஜர்தான் வேனைக் கொண்டுவந்தார். தகுதிச் சான்றுக்கான சோதனையில் முன் டிஸ்க் தேய்ந்திருக்கிறது என்று எழுதிவிட்டார்களாம், சனிக்கிழமை மறுசோதனையாம். ஏழாம் தேதி வியாழன் மாலை விட்டார்; ஒன்பதாம் தேதி சனி காலை எடுத்தார். வெள்ளிக்கிழமை முழுக்க வேன் இங்கேதான் நின்றது. கழற்றிய ஜோடி இதோ என்று படுதா மேலிருந்து இரண்டு டிஸ்க்கைத் தூக்கிப் போட்டார். அட்டையில் 4 என்றிருந்தது.

"டிரைவர் வரலையா?" என்று சர்வேயர் கேட்டார்.

"மேனேஜரே ஓட்டிட்டு வந்தார், அவரே ஓட்டிட்டுப் போனார்."

"மகாராஜாவே குதிரையைக் குளிப்பாட்டியிருக்கார்" என்றார் கிளட்ச்.

ஆஸ்பத்திரியில் டிரைவரின் மனைவி அவர்களை வார்டு வாசலிலேயே மறித்தார். கணவர் மயக்க மருந்தில் இருந்தார். இடது காலைக் காப்பாற்ற முடியுமா என்று நாளைக் காலைதான் சொல்வார்களாம். மெக்கானிக்குக்காக வந்திருக்கிறோம் என்று சர்வேயர் மறைக்காமல் சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் இறுகியது.

"அந்த ஆள் வீட்டுச் சோறு தின்னுட்டு இங்க எப்படி வர்றீங்க?"

சர்வேயர் அதற்கு மன்னிப்பும் கேட்கவில்லை, விலகவும் இல்லை. ரிப்பேருக்கு முன்னால் வண்டியைப் பற்றி அவர் வீட்டில் ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். அந்தப் பெண் பேசத்தான் துடித்துக்கொண்டிருந்தார், எதிரியிடமானாலும் சரி. ஒரு மாதமாகவே பிரேக் மிதித்தால் பெடல் காலுக்கடியில் உதறுகிறது என்று புலம்பினாராம். ராத்திரியோட ராத்திரியா டிஸ்க் மாத்தியாச்சு என்று மேனேஜர் சொன்ன பிறகும் அதே உதறல். போய்க் கேட்டதற்கு, புது டிஸ்க் படிய ரெண்டு வாரம் ஆகும், சும்மா குறை சொல்லாதே என்று விரட்டியிருக்கிறார்.

"எட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை. வண்டி ஒர்க்‌ஷாப்ல இருந்த அன்னிக்கு அவர் வீட்டுல இருந்தாரா?"

"வீட்டுலயா?" அந்தப் பெண்ணின் குரல் உயர்ந்தது. "அன்னிக்குப் பொண்ணுக்கு ஸ்கூல்ல பேச்சுப் போட்டி. ஒரு மணி நேரம் லீவு கேட்டார், குடுக்கல. ஸ்கூல் வாசல்லயே வேனை நிறுத்திட்டு, அஞ்சு நிமிஷம் எட்டிப் பாத்துட்டு ஓடினார்."

"எந்த வேன்?"

"அவரோட வேன்தான். சீட்டுல நான் தைச்சுக் குடுத்த பச்சை உறை இருந்துச்சே."

காலையில் சுத்தியலுக்குக் குனிந்தபோது கிளட்ச் மோதிய வேனின் சீட்டில் அந்தப் பச்சை உறையைப் பார்த்திருந்தார். அதன் மேல் கண்ணாடித் தூள் கிடந்தது. ஒர்க்‌ஷாப்பில் நாள் முழுக்க நின்ற வேன், அதே நாள் பள்ளிக்கூட வாசலிலும் நின்றிருக்கிறது.

சலவைக் கம்பெனியின் யார்டுக்கு அவர்கள் போனபோது மணி மூன்று. யார்டு மேனேஜர் உயரமானவர். இடுப்பில் ஒரு கொத்துச் சாவி. கேட்டிலேயே நிறுத்தி, உள்ளே வர அனுமதி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார் சர்வேயர். அப்படியானால் இங்கே நிற்கக் கூடாது என்றார் மேனேஜர். கேட்டுக்கு வெளியே உள்ள சாலை யாருடையது என்று சர்வேயர் கேட்டார். சர்வேயர் இன்ஸ்பெக்டருக்கு ஏற்கெனவே போன் செய்துவிட்டார். பேச்சை வளர்த்தது நேரத்தை ஓட்டுவதற்குத்தான்.

கேட்டுக்கு உள்பக்கம், பத்தடி தூரத்தில், ஒரு வெள்ளை வேன் துணிமூட்டைகளோடு நின்றது. சுவரில் மோதிய வேனின் இரட்டைப் பிள்ளை. நம்பர் 7-இல் முடிந்தது. உபரி வண்டி, மற்றது எதுவும் படுத்தால் எடுப்போம் என்று காவலாளி சொன்னார். மேனேஜர் முறைத்ததும் வாயை மூடிக்கொண்டார்.

கிளட்ச் கம்பியில் முகத்தை ஒட்டிக்கொண்டு அந்த வேனை மேய்ந்தார். மாசக்கணக்காகக் கழுவாத வண்டி. சக்கரங்களில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. முன்சக்கரத்தில் ஆறு நட்டு மட்டும் பளபளவென்று இருந்தன.

"மேடம், இந்த வண்டி குளிக்கவே இல்லை. ஆனா நட்டு மட்டும் முகம் கழுவியிருக்கு."

"பெயின்ட் தின்னர் போட்டுத் துடைச்சிருக்காங்க" என்றார் சர்வேயர்.

மேனேஜர் அதைக் கேட்டார். உடனே காவலாளியைக் கூப்பிட்டு, லோடு கிளம்பட்டும், கேட்டைத் திற என்றார். கேட் திறந்தது. ஆனால் உள்ளே வந்தது போலீஸ் ஜீப். இன்ஸ்பெக்டர் முன்னால், பின்னால் மெக்கானிக், கையில் விலங்கு இல்லை, அவ்வளவுதான். மணி 3.35.

இன்ஸ்பெக்டர் இறங்கும்போதே எரிச்சலாக இருந்தார். இருபத்தைந்து நிமிஷம் தருகிறேன், அதற்கு மேல் உங்கள் வித்தையை வேறு எங்காவது காட்டுங்கள் என்றார். மெக்கானிக் வேனைத் தொடக் கூடாது என்றும் உத்தரவிட்டார். ஆகவே வேலை கிளட்சின் தலையில் விழுந்தது. நட்டுகளைத் தளர்த்தி, ஜாக்கி வைத்து, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை உருட்டி ஓரம் வைத்தார். மெக்கானிக் தூரத்தில் நின்றே குறை சொன்னார்: ஜாக்கியை அங்கே வைக்காதே, காலிப்பரைக் குழாயில் தொங்கவிடாதே, கம்பி கட்டு, ஸ்பேனர் பிடிக்கிற லட்சணமா இது. கைதாகப் போகிறவர் பேச்சாக அது இல்லை.

டிஸ்க் தெரிந்தது. வெள்ளி மாதிரி, சிராய்ப்பில்லாத முகம். சர்வேயர் அளந்தார். இருபத்தெட்டு.

காலை அனுபவம் மறக்காத கிளட்ச், காலை நன்றாக ஊன்றி, பல்லைக் கடித்து, இரண்டு கையாலும் இழுத்தார். டிஸ்க் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கி வந்தது. அவர் அதை மடியில் ஏந்தியபடி தரையில் பின்பக்கமாக உட்கார்ந்தார்.

ஹப் முகம் தேய்த்துச் சுத்தமாக இருந்தது. மேலே செம்பு நிறத்தில் மெல்லிய பசை. மடியிலிருந்த டிஸ்க்கின் உட்புறத்தில், சக்கரத்தைக் கழற்றித் துடைத்தாலும் எட்டாத இடத்தில், மார்க்கரால் எழுதியிருந்தது. கிளட்ச் அதைச் சத்தமாகப் படித்தார்.

"எட்டு, ரெண்டு. வண்டி நாலு."

மேனேஜர் முந்திக்கொண்டார். "அப்போ இந்த ஆள்தான் வண்டி மாத்தி மாட்டியிருக்கார். நாலுக்குப் போட வேண்டியதை ஏழுக்குப் போட்டுட்டார். அது அவர் தப்பு."

இன்ஸ்பெக்டரின் கண் மெக்கானிக்கின் பக்கம் திரும்பியது. மெக்கானிக் ஒரு அடி முன்னால் வந்தார். கான்ஸ்டபிள் தோளைப் பிடித்தார். ஒரு நிமிஷம் எல்லாம் மறுபடி அவர் தலைமேலேயே வந்து நின்றது.

சர்வேயர் அவசரப்படவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் அவர் தன் பழைய வாகன ஆய்வு அலுவலகத்தில் இறங்கி, ஒன்பதாம் தேதி மறுசோதனைத் தாளின் நகலை வாங்கியிருந்தார். அதை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

"நாலாம் நம்பர். முன் டிஸ்க் புதுசு, இருபத்தெட்டு மில்லிமீட்டர், தேர்ச்சி. மெக்கானிக் வண்டி மாறி மாட்டியிருந்தா, மறுநாள் சோதனையில நாலாம் நம்பர்ல புது டிஸ்க் எப்படி இருந்துச்சு?"

சர்வேயர் வேனின் நம்பர் பலகையைக் காட்டினார்.

"ஏழுதான் ஒர்க்‌ஷாப்புக்கும் போச்சு, சோதனைக்கும் போச்சு. நாலோட நம்பர் பலகையை மாட்டிக்கிட்டு. அந்த நாளெல்லாம் ஏழோட பலகை நாலுல இருந்துச்சு."

இன்ஸ்பெக்டர் வேனின் முன்பக்கம் போய்க் குனிந்தார். நம்பர் பலகையின் இரண்டு திருகுகளும் துருப்பிடித்திருந்தன. ஸ்க்ரூடிரைவர் பதியும் காடிகளில் மட்டும் புதுக் கீறல் மின்னியது.

"மூணு நாள் வேற நம்பர்ல ஓட்டின டிரைவருக்குத் தெரியாமலா இருக்கும்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். கேள்வியில் இப்போது முறுக்கு இல்லை.

"பதினெட்டு வருஷம் ஓட்டியிருக்கேன் சார்" என்றார் கிளட்ச், தரையிலிருந்தே. "போலீஸ் நம்பர் கேட்டா இறங்கிப் போய்ப் பாத்துட்டு வந்துதான் சொல்வேன். எங்களுக்கு வண்டி நம்பர்ல இல்ல, சீட்டுல இருக்கு."

மேனேஜர் சாவிக்கொத்தைக் கழற்றி வேனின் மூக்கின் மேல் வைத்தார். சோதனைக்கு நாலு போயிருந்தால் பத்துக் குறை எழுதியிருப்பார்கள், ஏழு போனால் ஒன்றுதான் என்று சொன்னார். முதலாளி வாரம் ஒரு தடவை வந்து மஞ்சள் இருக்கிறதா என்று பார்ப்பார். அதனால் ஏழில் துடைத்து, நாலில் வைத்தாராம். மார்ச்சோடு நாலைக் கழித்துவிடும் திட்டம். இன்னும் ஒரு மாதம்தானே ஓடும் என்று நினைத்தாராம்.

பெடல் உதறலைப் பற்றி டிரைவரின் மனைவி சொன்னதைச் சர்வேயர் சொன்னார். மெக்கானிக் தோளிலிருந்த கையை உதறினார்.

"மாத்தின பிறகும் பெடல் உதறுதுன்னு ஒருத்தன் வந்து சொல்லியிருக்கான். படியும், படியும்னு சொல்லியிருக்கே. நீ மிதிச்சியா ஒரு தடவை?"



4.10-க்கு மேனேஜர் ஜீப்பில் ஏற்றப்பட்டார். மெக்கானிக்கைப் போகச் சொன்னார்கள். அவர் போகவில்லை. கிளட்சின் கையிலிருந்து டிஸ்க்கைப் பிடுங்கி, தானே மாட்டி, சக்கரத்தைப் பூட்டி, ஆறு நட்டுக்கும் மஞ்சள் கோடு இழுத்தார். சர்வேயருக்கு நன்றி சொல்லவில்லை. வாளியில் மணல் போடுவதாக மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை 8.40-க்கு டிரைவரின் இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது.